இஞ்சின் ரூமில் டீசல் வாடை, கேபினில் தலைவலி

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 34. போன வருடம் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். 45 அடி, ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின். கடிதத்தின் சாரம் இது: “இஞ்சின் ரூமில் எப்போதும் டீசல் வாடை. அடியில் ஊறி நிற்கும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. மடி வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது முறை மாற்றிக் கேபினில் படுக்கிற ரெண்டு பேர், காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வாந்தியும் வருகிறது. மெக்கானிக்கிடம் சொன்னால், ‘எல்லா போட்லயும் இருக்கிறதுதான்’ என்கிறார். இப்போது மீன்பிடித் தடைக்காலம், கையில் நேரம் இருக்கிறது. கசிவை நானே ஆபத்தில்லாமல் பார்க்க முடியுமா? தம்பியின் ஃபைபர் படகில் பின்னால் வெளியே மாட்டியிருக்கிற அவுட்போர்டு இஞ்சினுக்கும் இதே முறைதானா?”

தம்பி, நீங்கள் டீசல் வாடையை முதலில் எழுதி, தலைவலியை அடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் தலைவலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். புகைக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கிற வரைக்கும், இஞ்சின் ஓடும்போது அந்தக் கேபினில் ஒருவரும் படுக்கக் கூடாது. டெக்கில் தார்ப்பாய் கட்டிப் படுக்கட்டும், பனி கொட்டினாலும் பரவாயில்லை.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில், ஒரு படகில் இருபது வருசமாகக் கடலுக்குப் போகிற ஆள் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தார். கூட இருந்தவர்கள் ‘கடல் பிடிச்சிருச்சு’ என்று எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறார்கள். கரைக்கு வந்து புகைக்குழாயில் சூடு தாங்கச் சுற்றியிருந்த கயிற்றை அறுத்துப் பார்த்தால், குழாய் வளைகிற முழங்கையில் என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. இருபது வருசம் கடலில் கிடந்தவருக்கு, கடல் சும்மா கிடக்கிற ராத்திரியில் தலை சுற்றினால் முதல் சந்தேகம் புகை மேல்தான் விழ வேண்டும். ஒரே இடத்தில் படுத்த ரெண்டு பேருக்கும் வந்து, மேலே காற்றில் நின்று படகை ஓட்டின ஸ்ராங்குக்கு வரவில்லை என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் பலப்படும்.

புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை ஏந்திப் போகிற பொருளோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். டீசல் புகையில் பெட்ரோல் புகையைவிட இது குறைவு என்பது உண்மை. ஆனால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் தேய்ந்து, ஏர் பில்டர் அடைத்து, மடி இழுக்கிற பாரமும் சேர்ந்தால் அந்தக் குறைவை நம்பி மூடின அறையில் தூங்க முடியாது. கொரோனா காலத்தில் வாங்கின பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து ‘98 காட்டுது, ஒண்ணுமில்ல’ என்று இருந்துவிடவும் வேண்டாம். விரலில் மாட்டும் அந்தக் கருவி, ஆக்சிஜன் ஏறின ரத்தத்தையும் இந்த வாயு ஏறின ரத்தத்தையும் பிரித்துப் பார்க்காது. விஷம் ஏறியவருக்கும் நல்ல எண்ணையே காட்டும். ஆள் மயங்கினால் திறந்த காற்றுக்குத் தூக்கி வாருங்கள். கரையேறியதும் ஆஸ்பத்திரியில் ‘இஞ்சின் புகை அடிச்சது’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பித்தம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

இனி தேடுகிற வேலைக்கு வருவோம். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். முதல் ரெண்டு நாள் இஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கீழே இறங்குவதற்கு முன்னால் கைலியை மாற்றுங்கள். சிரிக்க வேண்டாம். சுற்றுகிற சாஃப்டில் கைலி நுனி சிக்கிக் கால் முறிந்தவர்கள் எந்தத் துறைமுகத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அரை டவுசர், உடம்போடு ஒட்டின பனியன் போதும். கையில் கயிறு, கழுத்தில் சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள். மூடிகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றுப் போகட்டும். பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுவிட்ச் இல்லாத படகென்றால் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். கம்பியில் தொங்கும் குண்டு பல்பு வேண்டாம், அது உடைந்தால் அந்த இழையே தீக்குச்சி. மூடின எல்.இ.டி. டார்ச்சை மேலேயே எரியவிட்டுக்கொண்டு இறங்குங்கள். பீடி சிகரெட் கரையில் இருக்கட்டும். பவுடர் தீயணைப்பானை ஏணியின் மேல் தலையில் வையுங்கள். தீப்பிடித்தால் நீங்கள் ஓடி வருகிற வழியில் அது இருக்க வேண்டும், தீக்குப் பின்னால் இருந்து பயனில்லை. கடைசியாக, மேலே ஒரு ஆள். போன் பார்க்கிற ஆள் இல்லை, உங்களைப் பார்க்கிற ஆள்.

முதல் வேலை கழுவுவது. பழைய அழுக்கோடு கசிவைத் தேடுவது, மழையில் நனைந்த சுவரில் ஓதம் தேடுகிற மாதிரி. அடியில் நிற்கிற எண்ணெய்த் தண்ணீரைக் கேனில் அள்ளிக் கரைக்குக் கொண்டு வாருங்கள், கடலில் ஊற்றாதீர்கள். இஞ்சினைச் சோப்புத் தூள் கரைசல் போட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் ஈரம் இல்லாமல் துடையுங்கள். பெட்ரோலை ஊற்றி இஞ்சின் கழுவுகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மூடின அறையில் அதைச் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

காய்ந்ததும் டேங்கிலிருந்து தொடங்கி டீசல் போகிற வழியிலேயே நீங்களும் போங்கள். டேங்க் வால்வு, தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செபரேட்டர், டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற பீட் பம்பு, பில்டர், அழுத்தம் கொடுக்கிற டீசல் பம்பு, அங்கிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற கெட்டிக் குழாய், நாசில்களிலிருந்து மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் பைப். ஒவ்வொரு மூட்டிலும் முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். டேங்க் வால்வைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாள் காலையில் கசிகிற மூட்டில் பவுடர் நனைந்து சாம்பல் நிறமாகப் படிந்திருக்கும். கையால் தடவிப் பார்த்துத் தெரியாதது இதில் தெரியும். கடையில் 20 ரூபாய் பொட்டலம் போதும்.

என் அனுபவத்தில், டீசல் வாடை என்று கூப்பிடுகிற படகுகளில் பாதிக்கு மேல் குற்றவாளி அந்த ரிட்டர்ன் பைப்தான். அதில் அழுத்தம் கிடையாது, அதனால் யாரும் அதை மதிப்பதில்லை. செம்பு வாஷரைப் புதிதாகப் போடாமல் பழையதையே திருப்பிப் போட்டு முறுக்கியிருப்பார்கள். ரப்பர் குழாய் வெடித்திருந்தால் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டியிருப்பார்கள். சைக்கிள் டியூப் டீசலில் ஊறினால் நாலு மாதத்தில் அல்வா. சொட்டுத்தானே என்றும் விட முடியாது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்குச் சுமார் 180 மில்லி. இஞ்சின் 20 மணி நேரம் ஓடுகிற ஒரு கடல் நடைக்கு மூன்றரை லிட்டருக்கு மேல். அவ்வளவும் உங்கள் படகின் வயிற்றில் தேங்குகிறது.

வெளியே சொட்டாத கசிவு ரெண்டு உண்டு. டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில் இருக்கிற குழாய் உறிஞ்சுகிற பக்கம். டேங்க் தாழ்வாக இருந்தால் அங்கே மூட்டு தளர்ந்திருந்தாலும் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணி, கைப்பம்பை அடித்துக் காற்று எடுத்த பிறகு ஓடுகிற இஞ்சின் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள். இன்னொன்று பீட் பம்பின் உள்ளே இருக்கிற ரப்பர் தகடு கிழிவது. அப்போது டீசல் நேராக இஞ்சின் ஆயிலில் இறங்கும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள்: நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், அந்த இஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும், சில சமயம் இஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு நிறுத்த முடியாமல் ஓடும்.

நின்ற இஞ்சினில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்த பிறகுதான் ஓட்டிப் பார்ப்பது. படகு கரையில் ஏற்றியிருந்தால் இதைச் செய்யாதீர்கள். கடல் தண்ணீர் கிடைக்காத பம்பு வறண்டு சுற்றினால் அதன் ரப்பர் விசிறி சீக்கிரமே கருகிவிடும். தண்ணீரில் இறக்கின பிறகு, படகை ரெண்டு பக்கமும் கட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, மேலே இருக்கிற ஆள் ஸ்டாப் வயரில் கை வைத்தபடி நிற்க, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிகள் எல்லாம் திறந்தே இருக்கட்டும்.

டீசல் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற குழாய்களைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மாதிரி இஞ்சினில் நாசில் திறப்பதற்கே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். உங்கள் பைக் டயரில் இருக்கிற காற்றைப்போலக் கிட்டத்தட்ட 100 மடங்கு. எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிற காமன் ரெயில் இஞ்சின் என்றால் 1,600 பார், அதற்கு மேலும் போகும். அந்தக் குழாயில் முடி அளவு விரிசல் இருந்தால் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத ஊசி. தோலைத் துளைக்கும், ரப்பர் கையுறையையும் துளைக்கும். எங்கள் பட்டறையில் உதவிக்கு இருந்த பையன் ஒருவன், ‘இங்கதான் அடிக்குதுண்ணே’ என்று விரலை வைத்துக் காட்டினான். விரல் நுனியில் கடுகளவு ஒரு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். வலிக்கவில்லை என்றுதான் சொன்னான். சாயங்காலம் விரல் வெண்டைக்காய் மாதிரி விறைத்து, மறுநாள் உள்ளங்கை வரை கறுத்தது. அந்த விரலில் பாதிதான் மிஞ்சியது. இப்படி நேர்ந்தால் கடிக்கவும் பிதுக்கவும் வேண்டாம். அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறியிருக்கிறது, அறுவை சிகிச்சை டாக்டர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். புண் சின்னதாகத்தான் தெரியும், அதை நம்பக் கூடாது.

அந்தக் குழாய்களை அட்டையால் பாருங்கள். பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றை ஒரு முழக் குச்சியில் கட்டி, முகத்தை விலக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குழாய் நெடுகிலும் மெதுவாக நகர்த்துங்கள். கசிவு இருந்தால் அட்டையில் ஈரக்கோடு விழும். விழுந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு இஞ்சினை நிறுத்துங்கள். ஓடும்போது ஸ்பேனர் போட்டு ‘லேசா ஒரு டைட்’ கொடுக்கிற வித்தை வேண்டவே வேண்டாம். விரிசல் விட்ட குழாயை மாற்றத்தான் வேண்டும். பற்றவைப்பதும் பசை தடவுவதும் இந்த அழுத்தத்தில் நிற்காது.

புகைப் பக்கம் வேறு மாதிரி. இங்கே சாட்சி கரி. இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்புகிற மேனிபோல்டின் பேக்கிங் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கசிகிற இடத்திலிருந்து விசிறி விரித்த மாதிரி கறுப்புக் கோடு போயிருக்கும். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் கேட்கிற ‘டிக் டிக்’ சத்தம், சூடேறினதும் குறைந்துவிட்டால், இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொண்டது என்று அர்த்தம். ‘சூடானா சரியாயிருது’ என்று விட்டுவிடுகிறார்கள். சரியாகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது.

குழாயில் சுற்றியிருக்கிற கயிற்றுக்குள்தான் பெரிய திருட்டு நடக்கும். உங்கள் படகு பழையது. அந்தக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். காய்ந்தபடி பிய்த்தால் அதன் தூசி நுரையீரலில் தங்கிவிடும். முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்தோடு உருவிப் பாலித்தீன் பையில் கட்டுங்கள். உள்ளே குழாய் துருப்பிடித்துச் செதில் செதிலாக வரும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பேசும், அரித்த இரும்பு ‘தொப்’ என்று ஊமையாகக் கேட்கும். முழங்கை வளைவுகளிலும் குழாய்களை இணைக்கிற பிளாஞ்சின் வெல்டிங் ஓரத்திலும் கூடுதலாகத் தட்டுங்கள். தண்ணீர் கலந்து புகையை வெளியேற்றுகிற அமைப்பாக இருந்தால் தண்ணீர் சேருகிற முழங்கையில் வெள்ளை உப்புத் தடம் தேடுங்கள். அது உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும், வெளியே உப்பு பூக்கிறபோது உள்ளே பாதி போயிருக்கும்.

கரி காட்டிக்கொடுக்காத கசிவுக்கு என் வழி ஒன்று. இஞ்சின் நின்று, ஆறின பிறகு, படகின் வெளிப்பக்கம் புகை வாயில் தூசி ஊதுகிற பிளோயரை வைத்துச் சுற்றிலும் சாக்கைத் திணித்துக் காற்றை உள்ளே ஊதச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டிலும் ஷாம்பு தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போங்கள். குமிழி பொங்குகிற இடம்தான் கசிவு. பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கொண்டுவராதீர்கள், அந்த அழுத்தம் தேவையில்லை. ஓடுகிற இஞ்சினின் புகை வாயைச் சாக்கால் பொத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கசிவு தெரியும்தான், ஆனால் கீழே நிற்கிறவன் மூஞ்சியில் அத்தனை புகையும் அடிக்கும்.

டீசலும் புகைக்குழாயும் எங்கே நெருங்குகின்றன என்பதையும் அந்த இறக்கத்திலேயே பாருங்கள். பெட்ரோல் மாதிரி டீசல் பொறி பட்டதும் பற்றிக்கொள்வதில்லை, அதனால் பயம் விட்டுப்போயிருக்கிறது. ஆனால் பாரம் இழுக்கிற இஞ்சினின் மேனிபோல்டு 400 டிகிரியைத் தாண்டும். அதில் டீசல் தெறித்தால் பொறியே தேவையில்லை. பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதியில், 220 டிகிரிக்கு மேல் சூடாகி எண்ணெய் தெறிக்கக்கூடிய இடத்தில் இருக்கிற பாகத்தைக் காப்புப் போட்டு மூடியே ஆக வேண்டும். நம் படகுகளில் ரிட்டர்ன் பைப் மேனிபோல்டுக்கு நேர் மேலே ஓடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முடிந்தால் குழாயின் வழியை மாற்றுங்கள், முடியாவிட்டால் நடுவில் ஒரு தகடு அடியுங்கள். கயிற்றை அவிழ்த்த இடத்தில் புதுக் கிளாஸ் பைபர் கயிறு சுற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள்.

உங்கள் தம்பியின் அவுட்போர்டுக்கு வருகிறேன். அதற்கு அட்டையும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். பெட்ரோலின் குணம் தெரிந்தால் போதும். அதன் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம். மேலே கிளம்பிப் போகாது, படகின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் ஓடுகிற இஞ்சினுக்கும் ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் வைத்திருப்பார்கள், அந்தச் சின்ன டேங்கை மூடின அறைக்குள் வைக்கக் கூடாது. கேனைப் படகுக்குள் வைத்து ஊற்றாமல் கரையில் இறக்கி நிரப்பச் சொல்லுங்கள். கசிவு பார்க்க, இஞ்சின் மூடியைத் திறந்துவிட்டு, குழாயில் இருக்கிற ரப்பர் பல்பை இறுகுகிற வரை அமுக்கட்டும். இறுகி அப்படியே நின்றால் நல்லது. கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிட்டாலோ, இறுகவே இல்லை என்றாலோ, இணைப்புகளையும் கார்ப்பரேட்டர் அடியையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கு ஸ்டார்ட் கயிற்றை இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். பெட்ரோல் இஞ்சினை உள்ளேயே வைத்த உல்லாசப் படகுகளில், ஸ்டார்ட் செய்யும் முன் காற்று வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டச் சொல்லி அமெரிக்கக் கடலோரக் காவல் படை அறிவுறுத்துகிறது. விசிறி ஓடி முடிந்த பிறகும் மூக்கால் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சாவி.

கேபினுக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கிறவர் தலை மட்டத்தில் மாட்டுங்கள், பேட்டரியில் ஓடுகிறது போதும். கசிவை அடைக்காமல் அலாரத்தை மட்டும் மாட்டினால், ராத்திரி கத்தும்போது அதன் பேட்டரியைத்தான் யாராவது கழற்றுவார்கள்.

இன்னொரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. குழாய் முழுக்க நன்றாக இருந்தும் தலைவலி நிற்காமல் போகலாம். இஞ்சின் ரூமுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற பலகையில் வயரும் குழாயும் போக ஓட்டை போட்டிருப்பார்கள், புகை அந்த வழியாகவும் வரும். பின்காற்று அடிக்கும்போது படகின் பின்பக்கமான அமரத்துப் புகை கேபின் கதவு வழியாகத் திரும்பி நுழைவதும் உண்டு. அந்த ஓட்டைகள் எத்தனை, எதைக்கொண்டு அடைத்திருக்கிறார்கள், புகை வாய் கதவிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கதவை மாற்றுவதா, குழாயை உயர்த்துவதா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.